தேய்ந்த எடைக்கல்

இவள் என் காலைத்தான் பார்க்கிறாள். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாத எதையோ கேட்க வந்திருக்கிறாள். கேட்டுத் தொலைக்கட்டும். அதுவரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

தகரக் கொட்டகையின் பெஞ்சில் இருந்தபடி ஜெபக்கனி இப்படி நினைத்துக்கொண்டாள். அவளுடைய கால்கள் இரண்டும் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் விழுகிற குழி நிரம்ப வெகுநேரம் ஆனது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் டேப்லெட்டோடு தாரிணி. கோயம்புத்தூரிலிருந்து வந்த எஞ்சினியர். வெயில் தாங்குவதற்கான உடுப்புகளைச் செய்து பார்க்கிற ஒரு கம்பெனிக்காக, தூத்துக்குடிக்குத் தெற்கே இந்த உப்பளத்தில் மூன்று கோடைகளாகக் கிடக்கிறாள். வந்தபோது இருந்த நிறம் இப்போது அவளுக்கும் இல்லை.

"தண்ணி குடிச்சீங்களாக்கா?"

"அளந்துதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு மேடம். இன்னைக்கு உள்ளதக் குடிச்சாச்சு."

"பெரியாஸ்பத்திரிக்குத் தனியாவா போனீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒங்ககிட்டச் சொன்னா என்னைய நிப்பாட்டிருவிய."

தாரிணி அதை மறுக்கவில்லை.

சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போய்விட்டது என்று அந்த டாக்டர் சொன்னார். எத்தனை வருஷமாக உப்பளத்தில் வேலை என்று கேட்டார். இருபத்திரண்டு என்றாள். இந்த மூன்று வருஷமும் உச்சி வெயிலில் நின்றாயா என்று கேட்டார். நின்றேன் என்றாள். வேண்டுமென்றே செய்துகொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல அவர் பார்த்தார். அந்தப் பார்வையில் நியாயம் இருப்பதாக ஜெபக்கனிக்கே பட்டது.

எல்லாம் ஆரம்பித்தது அவள் வாயால்தான்.

முதல் கோடையில் கம்பெனி மூன்று விதமான உடுப்புகளைக் கொண்டுவந்தது. மாசியிலேயே பாத்தியில் கால் வைக்க முடியாமல் போயிருந்த காலம். இயந்திரத்தை இறக்கினால் பாத்தியின் களிமண் தரை உடைந்துவிடும். அதனால் உப்பை வாரவும் சுமக்கவும் இன்னும் மனுஷிகள்தான் வேண்டியிருந்தது. ஒன்பது பெண்களைப் பிடித்து, ஆளுக்கொரு உடுப்பைப் போட்டுவிட்டு, சாயங்காலம் இதே கொட்டகையில் உட்காரவைத்துத் தாரிணி கேட்டாள்: பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

"எட்டு போட்டுக்கோங்க மேடம்."

"ஏன் எட்டு?"

"சும்மா தந்திருக்கிய. கொறச்சா சொல்ல முடியும்?"

அடுத்தவள் முதுகில் காற்றாடி வைத்த சாம்பல் உடுப்பு உராய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. அவளும் எட்டு என்றாள்.

"முதுகெல்லாம் புண்ணா இருக்கேக்கா."

"அது பரவால்ல."

ஒரு மாதம் முழுக்க எட்டும் ஒன்பதும்தான் வந்தன. ஒருநாள் மட்டும் ஒருத்தி ஏழு சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் தாரிணியின் மனம் புண்பட்டிருக்குமோ என்று வந்து ஒன்பதாக மாற்றிக்கொண்டு போனாள். தாரிணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க ஊர்ல யாருமே எதையுமே நல்லா இல்லன்னு சொல்ல மாட்டாங்களா?"

"கொழம்புல உப்பு கூடிட்டுன்னா சொல்லுவோம்," என்றாள், அப்போது உடுப்பு எதுவும் கிடைக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜெபக்கனி. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த உற்சாகத்தில் அவள் இன்னும் ஒன்று சொன்னாள். "எங்க ஆளுவள்ட்டத் தனியாக் கேட்டா ஒண்ணும் வராது மேடம். அவளவிட ஒனக்கு எப்படிட்டின்னு கேளுங்க. கொட்டித் தீத்துருவாளுவ."

தாரிணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை ஜெபக்கனிக்கு இன்றுவரை மறக்கவில்லை. படித்த ஒருத்தி தன்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு ஒரு முறையே இருக்குக்கா," என்றாள் தாரிணி. "ஒண்ண நடுவுல அளவா வச்சுக்கணும். மத்தது எல்லாத்தையும் அதோட ஒப்பிடணும். அதைவிட நல்லதுன்னா பிளஸ், மோசம்னா மைனஸ், ஒரே மாதிரின்னா சமம். பதினோரு விஷயம், பதினோரு வரி. கடைசியில கூட்டிப் பாத்தா எது நல்ல உடுப்புன்னு தெரிஞ்சிரும். மார்க்கே வேண்டாம்."

"நடுவுல வைக்கதுக்கு எத வைப்பிய?"

"இப்ப இருக்கறத. ஈரத் துண்டு, பழைய சட்டை. உடுப்பு இல்லாம வேலை செய்யற ஒருத்தர். மூணு உடுப்பும் கோடைக்கு ஒண்ணா வரும். ஆள் மட்டும் மாறக் கூடாது."

உப்பளத்திலேயே வேகமாகச் சுமக்கிறவள் யார் என்று விசாரித்து, மறுவாரமே ஜெபக்கனியிடம் வந்தார்கள். காகிதத்தில் அவள் பெயர் ஒப்புநபர். சோதனை முடிந்ததும் ஜெயிக்கிற உடுப்பு முதலில் அவளுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்காக மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தன்னை அளவாக வைத்து மற்றவர்களை அளக்கப் போகிறார்கள் என்பது உள்ளூர இனித்தது. பெண்கள் அவளுக்கு எடைக்கல் என்று பட்டம் வைத்தார்கள். "எடக்கல்லு வருதுட்டி, வழிவிடுங்க," என்பார்கள். அதுவும் இனிக்கத்தான் செய்தது.

முதல் கோடையில் நீல உடுப்பு. முதுகுத்தண்டை ஒட்டி நரம்புபோல மெல்லிய குழாய்கள், அவற்றில் ஓடும் குளிர்ந்த நீர். நல்ல கனம். அதைப் போட்டுக்கொண்டு ஜெபக்கனிக்குப் பக்கத்தில் சுமக்க வந்தவள் மாலையம்மாள். பதினைந்து வருஷமாக ஒரே பாத்தியில் வாரியவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி தூக்குவாளியில்தான் இருக்கும்.

ஜெபக்கனிக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரியும். தனியாக விட்டால் அவள் சோம்பேறி. பக்கத்தில் ஒரு ஆள் நடந்தால்தான் அவளுக்குக் கால் வரும். அந்த ஆளை முந்துகிறவரை கழுத்தும் இடுப்பும் வலிப்பது தெரியாது. மாலையம்மாள் நீல உடுப்போடு வந்து நின்ற முதல் நாளே அவளுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. இவள் முதுகில் குளிர்ச்சியைச் சுமந்துகொண்டு என்னைவிட மேலே போய்விடுவாளோ? பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டுக்கு, திரும்பத் தட்டுமேட்டிலிருந்து பாத்திக்கு, உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அரை ஓட்டமாகப் போனாள்.

"மெல்ல நடட்டி, கூறுகெட்டவளே. நான் கல்லக் கட்டிக்கிட்டு வாரேன், நீ ஓடுத."

"ஒனக்கென்ன, குளுகுளு பங்களா முதுகுல இருக்கு. வா, வா."

மாலையில் தாரிணி கேட்பாள். சுமை எண்ணிக்கை, ஜெபக்கனியைவிடக் கூடவா குறைவா? களைப்பு, ஜெபக்கனியைவிடக் கூடவா குறைவா? அந்த நேரத்தில் ஜெபக்கனி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருக்கும் தண்ணீரைக்கூடக் குடிக்காமல், தோழியைப் பார்த்துச் சிரிப்பாள். தொடைச் சதை துடிப்பதைச் சேலை மறைத்துவிடும். மாலையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எனக்குத்தான் களைப்பு கூட," என்பாள்.

மைனஸ்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவளே சொன்னாள். "ஒடம்பு குளுந்து கெடக்குட்டி. இப்படி அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கி எத்தன வருஷமாச்சு. ஆனா ஒன்னையப் பாத்தா எனக்குக் களப்பா வருது. என்ன செய்யச் சொல்லுத?"

ஜெபக்கனி அதைக் கேட்டுச் சிரித்தாள். அப்போது தாரிணியிடம் போய், நான் வீம்புக்கு ஓடினேன், எழுதியதை அடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. இல்லை, தோன்றியது. தோன்றியதை அவள் அன்றைய இரவுச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். கோடை முடிவில் பிளஸ் மைனஸ் கட்டத்தைக் கூட்டிப் பார்த்தபோது நீல உடுப்பு ஒரே ஒரு குறியில் தோற்றிருந்தது. உடல் சூடு என்ற வரியில் அதற்குப் பெரிய பிளஸ். ஆனால் பெரிய பிளஸுக்கும் சின்னப் பிளஸுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே இடம்தான். துவைக்க எளிதா என்பதும் ஒரு வரி, உயிர் தங்குமா என்பதும் ஒரு வரி.

நீல உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையம்மாள் அதை மடித்துக் கொடுக்கும்போது ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

இரண்டாம் கோடையில் ஜெபக்கனிக்குப் பக்கத்தில் சாம்பல் உடுப்புக்காரி ஒருத்தி நடந்தாள். மாலையம்மாள் அடுத்த பாத்தியில், எல்லாரையும் போல ஈரத் துண்டோடு வாரிக்கொண்டிருந்தாள். சித்திரை கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஒரு மணிக்கு அவள் உப்பின் மேலேயே குப்புற விழுந்தாள். சத்தம் கேட்டு ஜெபக்கனி திரும்பினாள். தாரிணி ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியபடியே ஜெபக்கனியைப் பார்த்து ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். வராதே, நிற்காதே என்று அதற்கு அர்த்தம். ஒப்புநபர் பாதியில் நின்றால் அந்த நாள் செல்லாது. நாள் செல்லாவிட்டால் வாரம் செல்லாது.

ஜெபக்கனி நிற்கவில்லை.

கட்டாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உயர்த்திய ஒரு கை அவளைக் கட்டிப்போட்டுவிடவில்லை. அவள் இருபத்திரண்டு பெட்டி சுமந்தாள். ஒவ்வொரு தடவை தட்டுமேடு ஏறும்போதும் தோழியின் பாதங்கள் கொட்டகை நிழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பதினாறாவது பெட்டிக்கு அப்புறம் பாதங்கள் அங்கே இல்லை. வண்டி வந்து போயிருந்தது. அன்றைக்குச் சாம்பல் உடுப்புக்குச் சுமை வரியில் மைனஸ் விழுந்தது. ஒப்புநபரின் எண்ணிக்கை அந்த மாதத்திலேயே அதிகம்.

அந்த வருஷம் அந்தக் கடற்கரை முழுக்கப் பலர் விழுந்ததால், அங்கீகாரம் பெற்ற உடுப்பு இல்லாமல் காலை ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று அரசு தடை போட்டது. பாதி வேலை, பாதிக் கூலி. சோதனைப் பாத்திக்கு மட்டும் விலக்கு. உடுப்பு எப்போது வரும் என்று ஊரே ஜெபக்கனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் கோடையில், வர வேண்டிய மூன்றாவது உடுப்பைக் கம்பெனி கைவிட்டிருந்தது. வந்தது உடுப்பே இல்லை. பொத்தான் அளவில் ஒரு மஞ்சள் பட்டை. பின்கழுத்தில் ஒட்டினால், வெயில் உறைக்கிறது என்று மூளைக்குப் போகிற சேதியை அது தடுத்துவிடும். கனமில்லை, துவைக்க வேண்டாம், விலையும் மலிவு. அதை ஒட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்க வந்தவள் சந்தனமாரி. இருபத்தாறு வயது. ஜெபக்கனியைச் சித்தி என்று கூப்பிடுவாள். நிழலைக் கண்டால் உட்கார்ந்துவிடுவாள் என்று முன்பெல்லாம் திட்டு வாங்கியவள், பட்டை ஒட்டிய நாளிலிருந்து உட்காரவே இல்லை.

"வெயிலே தெரியல சித்தி. மார்கழி மாதிரி இருக்கு."

"தண்ணியக் குடிட்டி."

"தாகமே இல்லையே."

ஒருநாள் பெட்டி மாற்றும்போது ஜெபக்கனி அவள் கையைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைத் தொட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டாள். சந்தனமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவளை முந்த வேண்டும் என்று அந்தக் கோடையில் ஜெபக்கனிக்கு முறுக்கு ஏறத்தான் செய்தது. கால்தான் வரவில்லை. தட்டுமேட்டின் பாதியில் கண் இருட்டியது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருந்தது.

இப்போது கொட்டகையில், டேப்லெட்டைத் திருப்பிக் கட்டத்தைக் காட்டினாள் தாரிணி.

"மஞ்சள் பட்டைதான் ஜெயிச்சிருக்குக்கா. ஆறு பிளஸ். ஒரே ஒரு சிக்கல். உடல் சூடு வரியில பிளஸ் இல்லாத எதுக்கும் அரசு அனுமதி தராது."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"பிளஸ்தான்."

"அந்தப் பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்கி. தொட்டுப் பாத்தேன். அதுக்கா பிளஸ் போட்டிருக்கிய?"

தாரிணி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, கணக்குப் பாடத்தில் பிடிபட்டவள்போல மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு மணிக்கு அவளுக்கு முப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு. அதே நேரத்துல உங்களுக்கு முப்பத்தொன்பது புள்ளி ஆறு. உங்களவிடக் குறைவுதானே."

"மொதக் கோடையில எனக்கு எவ்வளவு?"

"முப்பத்தெட்டு புள்ளி மூணு."

ஜெபக்கனி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு இருந்த ஜெபக்கனியின் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் சந்தனமாரிக்கு மைனஸ். அன்றைக்கு இருந்தவள் இன்றைக்கு இல்லாததால் பிளஸ்.

"அப்ப அந்த எண்ணையே எழுதி அனுப்ப வேண்டியதுதானே மேடம்."

"எண்ணை எழுதக் கட்டத்துல இடமில்ல. குறி மட்டும்தான். முதல் மாசம் மார்க் முறை தோத்ததும், எல்லாமே ஒப்பிட்டுத்தான்னு எழுதிக் கொடுத்தாச்சு. நடுவுல முறையை மாத்தினா மூணு வருஷமும் செல்லாது."

"என்னைய யாரும் அளக்கவே இல்லையா?"

"சூட்டை அளந்தோம், ஆனா அதை வச்சு ஒப்புநபருக்குக் குறி போடறதில்லைக்கா. உங்க பத்தியில எல்லா வரியிலும் பூஜ்யம்தான். நீங்க மாறலன்னு வச்சுக்கிட்டுத்தான் மத்ததெல்லாம்." தாரிணி குரலைத் தாழ்த்தினாள். "ஆஸ்பத்திரிக்குப் போனது எப்படியோ மேல தெரிஞ்சிருச்சு. அதனால உங்ககிட்ட ஒரு உறுதிமொழி கேக்கறாங்க. மூணு கோடையிலும் உங்க உடம்பு ஒரே மாதிரி இருந்ததுன்னு. பெருவிரல் வச்சாப் போதும். உங்க சிகிச்சை முழுக்க கம்பெனி பாத்துக்கும். டயாலிசிஸ், திருநெல்வேலில, கடைசி வரைக்கும்."

"வைக்கலன்னா?"

"சோதனை செல்லாது. செல்லாத சோதனைக்கு அவங்க பொறுப்பு எடுத்துக்க மாட்டாங்க."

கடைசி வரைக்கும் என்று இவள் சொன்னாளே, அது எவ்வளவு தூரம் என்று ஜெபக்கனி யோசித்தாள். வாரத்துக்கு மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கலாம். ஓசூரில் இருக்கும் மகனுக்குப் பாரமில்லை. குத்தாவிட்டால் இந்த ஐப்பசி மழையைப் பார்ப்பாளா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. உயிர்மேல் ஆசை இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. வெட்கப்படுகிற அளவுக்கு இருந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. சந்தனமாரி உள்ளே வந்து, பெட்டியைக் கவிழ்த்துவிட்டு அதன்மேல் உட்காராமல் நின்றாள். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வெரல வையி சித்தி."

"நீ வேலையப் பாரு."

"என்ன வேலையப் பாக்க? பட்டை வந்தாத்தான் எல்லாருக்கும் முழுக்கூலி. ஊருல அம்புட்டுப் பேரும் ஒன் வெரலத்தான் பாத்துக்கிட்டிருக்காவ."

"அது ஒன்னையக் குளுப்பாட்டலட்டி. வெயில் தெரியாம மறைக்கி, அம்புட்டுத்தான். உள்ள வெந்துக்கிட்டிருக்க."

"வெந்தா எனக்குல்லா தெரியணும்?"

"அதத்தான் தெரியவிடாமப் பண்ணுது."

சந்தனமாரி சிரித்தாள். பட்டை ஒட்டியதிலிருந்து அவள் சிரிப்பில் ஒரு சோம்பல் சேர்ந்திருந்தது. "ஒனக்குப் பொறாம சித்தி. மூணு வருஷமா எல்லாருக்கும் குடுத்தாவ, ஒனக்கு மட்டும் குடுக்கல. மாலையம்மா பெரியம்மைக்குக் குடுத்தப்பயும் ஒனக்குப் பொறுக்கலன்னு ஊருக்கே தெரியும். அந்த ஓட்டம் ஓடுனியே. நீ ஓடாம இருந்தா அவ உயிரோட இருந்திருப்பா."

ஜெபக்கனிக்குக் கோபம் வரவில்லை. தன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று இரண்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்ததை, இந்தப் பெண் பெட்டியைக் கவிழ்ப்பதுபோலச் சாதாரணமாகக் கவிழ்த்துவிட்டாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் தினமும் வாழ்த்தி வழிவிட்டிருக்கிறார்கள்.

"ஆமாட்டி," என்றாள். "நான்தான் ஓடினேன்."

சந்தனமாரி அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள். போகிற வழியில் அவள் கால் ஒருமுறை பின்னியது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

தாரிணியும் அதைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுந்தானே மேடம்? இது ஆளக் கொல்லும்னு."

"தெரியும்."

"அப்ப நீங்க சொல்லலாமே."

"சொன்னேன்க்கா. போன மாசம் நேர்ல போய்ச் சொன்னேன். எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்கன்னு கேட்டாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை. எப்போதோ அதைத் தாண்டி வந்துவிட்ட முகம் அது. "நான் விலகினா வேற ஒருத்தர் வந்து இதே நாற்காலியில உட்காருவாங்க. நீங்க விரல் வைக்கலன்னாலும் அவங்க விட்டுட மாட்டாங்க. புதுசா ஒருத்தர ஒப்புநபரா நிறுத்தி மறுபடி மூணு கோடை. இந்தத் தடவை மூணும் மூணு விதமான பட்டையாத்தான் இருக்கும், அதுதான் மலிவு. ஆளையும் தேர்ந்தெடுத்துட்டாங்க."

"யாரு?"

"உங்க உயரம், உங்க எடை, உங்க வேகம் இருக்கறவங்க."

தாரிணி வாசலுக்கு வெளியே பார்த்தாள். ஜெபக்கனியும் பார்த்தாள். வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும் பாத்தி நடுவில் சந்தனமாரி தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. நீங்க இப்ப வச்சிட்டீங்கன்னா சொல்ல வேண்டியதே வராது."

தாரிணி நல்லவள்தான். மூன்று வருஷமாகத் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தவள். இந்தக் கடைசித் துருப்பையும் அவள் மனமில்லாமல்தான் போட்டாள் என்று ஜெபக்கனிக்குத் தெரிந்தது. மனமில்லாமல் போட்டாலும் அது விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

விரல் வைத்தால் இந்தக் கடற்கரை முழுக்க இரண்டாயிரம் பெண்கள் பின்கழுத்தில் மஞ்சள் பொத்தானோடு உச்சி வெயிலில் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். சந்தனமாரி அதில் ஒருத்தி. வைக்காவிட்டால் சந்தனமாரி நான் நின்ற இடத்தில் வெறும் துண்டோடு நிற்பாள். எது மேல்? இதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவளைச் சுற்றி நடந்ததும் இதுதான். ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்த்து, இது கொஞ்சம் குறைந்த கொடுமை என்று எடுத்துக்கொள்வது. அவளுக்குச் சலித்தது.

ஒப்பிடுவதை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் நினைத்தாள். பட்டையை எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே வெயில் உறைக்கும். நாக்கு வறளும். கண் இருட்டும். இருட்டினால் வேலையைப் போட்டுவிட்டு நிழலில் போய் உட்காருவாள், வைதாலும் எழுந்திருக்க மாட்டாள். பிறவிச் சோம்பேறி; இந்த வேகம் பட்டை தந்தது. யாரையும் முந்த வேண்டும் என்ற சீக்கு அவளுக்கு இல்லை.

"அந்த உறுதிமொழிய வாசிங்க மேடம்."

தாரிணியின் தோள்கள் லேசாக இறங்கின. டேப்லெட்டை அருகில் நகர்த்தி வாசித்தாள்.

"ஜெபக்கனியாகிய நான், சோதனைக் காலமான மூன்று கோடைகளிலும் எனது உடல்நிலையிலும் உழைப்புத் திறனிலும் எவ்வித மாற்றமும் ஏற்படவில்லை என்று உறுதியளிக்கிறேன்."

"மறுக்கா வாசிங்க."

தாரிணி மறுபடி வாசித்தாள். ஜெபக்கனி கவனமாகக் கேட்டாள். யாரோ ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தது. முப்பத்தாறு வயதில் தட்டுமேட்டில் ஓடி ஏறிய, தோழியைத் தோற்கடித்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சிரித்த, அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டே பதினாறு பெட்டி சுமந்த ஒரு பெண். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் அப்படியே இருக்கிறாள் என்று எழுதியிருந்தது.

"இங்க வைக்கணும்க்கா," என்று தாரிணி கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஜெபக்கனி டேப்லெட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். கீழே விழுந்துவிடாமல் பத்திரமாகத் தாரிணியின் மடியில் திருப்பி வைத்தாள்.

"வைக்க மாட்டேன் மேடம்."

"அக்கா, டயாலிசிஸ் இல்லாம நீங்க..."

"தெரியும்."

"நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சு..."

"நாளைக்கும் மாட்டேன்," என்றாள் ஜெபக்கனி, குரலை உயர்த்தாமல்.